வாசல் மண் யாருடையது?

திருவண்ணாமலையின் தலபுராணத்தில் ஒரு பூவுக்குத் தண்டனை கிடைக்கிறது. அடிமுடி தெரியாத நெருப்புத் தூணாகச் சிவன் நின்றபோது, அன்னமாகி மேலே பறந்த பிரம்மாவால் முடியைக் காண முடியவில்லை. மேலிருந்து விழுந்துகொண்டிருந்த தாழம்பூவை வழியில் பிடித்து, தான் முடியைக் கண்டதாகச் சாட்சி சொல்லும்படி கேட்டார். பூவும் சொன்னது. அந்தப் பொய்ச் சாட்சிக்காகத் தாழம்பூ சிவபூசைக்கு ஆகாது என்று ஆயிற்று. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையின் உச்சியில் எரியும் சுடர் எந்தக் கதையைச் சொல்கிறதோ, அதே கதையில்தான் ஒரு செடி விலக்கிவைக்கப்பட்டது.

விலக்கியது பூசையிலிருந்து மட்டும். தாழை எங்கும் முளைக்கக் கூடாது, கண்ட இடத்தில் வெட்டு என்று புராணம் சொல்லவில்லை. வாய்க்கால் கரைகளில் அது புதராக நின்று மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் அதைச் சடையில் வைத்துப் பின்னிக்கொண்டார்கள். ராமநாதபுரம் மாவட்டத்து உத்தரகோசமங்கையில் அதே சிவனுக்கு இன்றும் தாழம்பூ சாத்துகிறார்கள். சாமிக்கு எது ஆகும் என்பது ஒரு கேள்வி. மண்ணில் எது நிற்கலாம் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதில்தான் நம் வீட்டு வாசல்கள் வறண்டு போயின.

வாசலில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதற்குத் தமிழ்நாட்டில் நீண்ட பட்டியல் உண்டு. முருங்கை முன்பக்கம் ஆகாது. புளி வீட்டுக்கு அருகில் வேண்டாம், பேய் அடையும். இலவம் வேண்டாம், முள்செடி வேண்டாம். எருக்கு முளைத்தால் குடி கெட்டது என்று பொருள். இவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. முருங்கைக் கிளை லேசான காற்றுக்கே முறியும்; கம்பளிப்பூச்சி சுவரேறி வீட்டுக்குள் வரும். புளி பெருத்து வளர்ந்தால் சின்ன மனைக்குத் தாங்காது. அந்த அளவில் பாட்டிமார் சொன்னது தோட்டக்காரர் சொல்லும் புத்திமதிதான். பின்னாளில் வாஸ்து அதைப் பாவக்கணக்காக மாற்றிவிட்டது. திசைக்கு ஒரு தடை, ராசிக்கு ஒரு செடி என்று ஆனபிறகு, புதுவீடு கட்டுகிறவர் எந்த வம்பும் வேண்டாம் என்று வாசல் முழுக்கச் சிமெண்ட் பூசிவிடுகிறார்.

திருவண்ணாமலையில் இது வேடிக்கையாகத் தோன்றவில்லை, வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் வீட்டு வாசல் வேண்டாம் என்று தள்ளிய எருக்கு, ஊமத்தை, தும்பை மூன்றும் சிவனுக்கு உகந்தவை என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். வெள்ளெருக்கு வேரில் பிள்ளையார் செய்து பூசையறையில் வைக்கிறோம். கோயில் வாசலில் காசு கொடுத்து எருக்க மாலை வாங்குகிறோம். தெருவோரம் தானாக முளைத்த எருக்கைக் கண்டால் மட்டும் வேரோடு பிடுங்கச் சொல்கிறோம். எருக்கம்பூ கொடுத்தாலும் தெய்வம் வேண்டாம் என்னாது என்று சங்க காலத்திலேயே கபிலர் புறநானூற்றில் சொல்லிவிட்டார். தெய்வத்துக்கு இல்லாத கூச்சம் வீட்டுக்காரருக்கு எங்கிருந்து வந்தது?

அரசு விதி இதில் நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பொதுவாக வீட்டுக்கு முன்னால் இடம் விட்டே கட்டச் சொல்கின்றன. அந்த இடம் மண்ணாக இருக்க வேண்டும் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. அதனால் அது வண்டி நிறுத்தும் தளமாகிறது. பேவர் பிளாக் பதித்த முற்றமாகிறது. மிஞ்சுவது காம்பவுண்டு சுவருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே உள்ள இரண்டு மூன்று அடி மண். அது வீட்டுக்காரருடையது இல்லை. பத்திரத்தில் அது தெரு. ஆனால் தினமும் தண்ணீர் தெளிப்பதும் கோலம் போடுவதும் அங்கேதான். செம்பருத்தியோ நந்தியாவட்டையோ வைக்க நினைக்கிறவருக்கு மிஞ்சியிருக்கும் மண்ணும் அதுதான். வைத்ததும் வழக்கு ஆரம்பமாகிறது. வடிகால் வேலைக்கு வந்தவர்கள் பிடுங்குவார்கள். எதிர்வீட்டுக்காரர் காரைத் திருப்ப இடமில்லை என்பார். பக்கத்து வீட்டம்மா, "உங்க மரத்து இலை எங்க வாசல்ல விழுது, நான்தான் பெருக்கறேன்" என்பார். மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

அப்படியானால் செடி வைக்கிறவர் எந்த உரிமையில் வைக்கிறார்?

சைவ மரபிடம் இதைக் கேட்டால் முதலில் வரும் பதில் கடுமையானது. சிவன் சொத்து குலநாசம். இந்தப் பழமொழியைக் கோயில் நிலத்தைச் சுருட்டியவர்களுக்கு எதிராகவே நாம் எடுப்பது வழக்கம். திருவண்ணாமலையில் அதன் வீச்சு பெரிது. இங்கே லிங்கம் கருவறைக்குள் மட்டும் இல்லை. மலையே லிங்கம் என்பது நம்பிக்கை. அதைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர் பாதையில் செருப்பில்லாமல் நடக்கிறார்கள், ஏனென்றால் அது பிரகாரம். மலை லிங்கமானால், பாதை பிரகாரமானால், அந்த வட்டத்துக்குள்ளும் அருகிலும் இருக்கும் ஒவ்வொரு வீட்டு வாசலும் சன்னதித் தெருதான். பட்டா இருக்கலாம். நம்பிக்கையின் கணக்கில் மண் சிவனுடையது.

சன்னதி மண்ணில் மனிதன் என்ன செய்யலாம் என்பதற்கு அப்பர் ஒரு முன்மாதிரி. ஏழாம் நூற்றாண்டில் ஊர் ஊராக நடந்து, இந்தத் தலத்தையும் பாடிய அவர் கையில் எப்போதும் உழவாரம் இருந்தது. கோயில் முற்றத்தில் புல்லையும் முள்ளையும் செதுக்கினார். அவர் தலையாய தொண்டு களை எடுப்பது. பெரியாழ்வார் வில்லிபுத்தூரிலும் தொண்டரடிப்பொடியாழ்வார் திருவரங்கத்திலும் நந்தவனம் வைத்தார்கள். சோழர் கல்வெட்டுகளில் திருநந்தவனப்புறம் என்று நிலம் ஒதுக்கிய செய்திகள் நிறைய. தோட்ட வேலை செய்தவர்களுக்கான நெல்லும் நிலமும்கூடக் கல்லில் வெட்டப்பட்டன. செடி வளர்ப்பது பொழுதுபோக்கு என்று அந்தக் காலம் நினைக்கவில்லை. அது ஒரு பதவி. அதற்குச் சம்பளம் உண்டு. ஆனால் தோட்டக்காரருக்குத் தோட்டம் சொந்தமில்லை.

அந்த "சொந்தமில்லை" எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெரியபுராணத்தில் ஒரு பயங்கரமான கதை இருக்கிறது. திருவாரூர்க் கோயிலில், பூ மண்டபத்தின் பக்கம் கீழே கிடந்த பூவை எடுத்துப் பல்லவ அரசி முகர்ந்தாள். சாமிக்கான பூவை முகர்ந்ததற்காகச் செருத்துணையார் அவள் மூக்கை அரிந்தார். விவரம் அறிந்த அரசர் கழற்சிங்கர், பூவை எடுத்த கைதான் முதல் குற்றவாளி என்று கையை வெட்டினார். இருவரும் அறுபத்து மூவரில் இடம்பெற்றவர்கள். அன்பின் உச்சத்தைக் காட்டும் கதை என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கத்தை மதிக்கலாம். ஆனால் கீழே கிடந்த ஒரு பூவுக்காக ஒரு பெண்ணின் முகம் சிதைந்ததை அப்படியே விழுங்கிவிட முடியாது. விதி பூவைக் காப்பாற்றியது. உயிரை அது பார்க்கவே இல்லை.

அதே சைவத்துக்குள், அதே திருவண்ணாமலையில், இதற்கு நேர்மாறான ஒரு குரல் இருபதாம் நூற்றாண்டில் எழுந்தது. 1896 செப்டம்பர் 1 அன்று இங்கே வந்து, 1950-இல் மறையும் வரை இந்த ஊரைவிட்டு அகலாத ரமணரின் குரல் அது. அவருக்குப் பல்லாண்டுகள் அன்றாடம் உணவு கொண்டுவந்த எச்சம்மாள் என்ற அன்பர், லட்சம் இலைகளால் அர்ச்சனை செய்வதாக விரதம் எடுத்தார். பாதி எண்ணிக்கை முடிந்தபோது கோடை வந்துவிட்டது, இலை கிடைக்கவில்லை. என்ன செய்வது என்று ரமணரிடம் வந்து கேட்டார். இலை கிடைக்காவிட்டால் உன் உடம்பைக் கிள்ளிக் கிள்ளி அர்ச்சனை செய்யேன் என்றார் ரமணர். வலிக்குமே என்றார் அம்மாள். மரத்துக்கு மட்டும் வலிக்காதா என்பது ரமணருடைய கேள்வி. இதை முன்னமே சொல்லியிருக்கலாமே என்று எச்சம்மாள் கேட்க, உன்னைக் கிள்ளினால் வலிக்கும் என்பதை யார் சொல்லி நீ தெரிந்துகொண்டாய் என்று பதில் வந்தது. ரமணரின் அன்பர் சூரி நாகம்மா தன் கடிதங்களில் பதிவுசெய்த சம்பவம் இது. ஆசிரமத்து மாமரத்தைக் கழியால் அடித்துக் காய் இறக்கிய வேலையாட்களை ரமணர் கடிந்துகொண்டதும் அதே கடிதங்களில் வருகிறது. பழம் கொடுக்கிற மரத்துக்கு அடியா என்று அவர் மனம் கொதித்தது.

இது ரமணரின் தனிப்பட்ட மென்மை என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் தமிழில் ஆக்கித் தந்த தேவிகாலோத்தரம் ஆகம மரபைச் சேர்ந்த நூல். ஞானத்தை நாடுகிறவன் வேரைப் பிடுங்கவும் இலையைக் கிள்ளவும் பூவைப் பறிக்கவும் கூடாது என்று அதுவும் சொல்கிறது. எந்தப் பூ சாமிக்கு ஆகும் என்று வகைப்படுத்திய அதே ஆகமப் பரப்பில், எந்தப் பூவையும் பறிக்காதே என்ற சொல்லும் இருக்கிறது. இந்த ஊர்க் கோயிலின் தலமரம் மகிழம். அதன் பூவை யாரும் கொம்பேறிப் பறிப்பதில்லை. தானாக உதிரும், பொறுக்கிக் கோத்தால் காய்ந்த பிறகும் மணக்கும். பவழமல்லியும் அப்படித்தான், தரையில் விழுந்த பூவைப் பூசைக்கு எடுக்கக் கூடாது என்ற பொதுவிதி அதற்குத் தளர்ந்திருக்கிறது. மரத்தை நோகவிடாமல் வழிபடும் வழியை மரபு தானே கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

ரமணர் வந்த காலத்து மலையில் காடு இருந்ததாகச் சொல்வார்கள். விறகும் மேய்ச்சலும் கோடைத் தீயும் சேர்ந்து அதை மொட்டையாக்கின. 1987-இல், ரமணாசிரமத்தைச் சார்ந்து வாழ்ந்த அபீதா ஆர்க்கின் என்ற துறவிப் பெண், மலைக்கு உதவி கேட்டு ஆஸ்திரேலியச் சூழலியலாளர் ஜான் சீடுக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அண்ணாமலை மீள்காடாக்க முயற்சி. மலையில் நட ஆயிரக்கணக்கில் கன்று வேண்டும். நாற்றங்காலுக்கு இடம் எங்கே? அருணாசலேசுவரர் கோயிலே இடம் கொடுத்தது. சுமார் 25 ஏக்கர் வளாகத்தில், மதில்களுக்கு நடுவே தரிசாகக் கிடந்த பிரகார மண் நாற்றங்காலாக மாறியது. அந்தக் கன்றுகளைச் சாமிக்குப் பூ பறிக்க வளர்க்கவில்லை. மலைக்குத் திருப்பி அனுப்ப வளர்த்தார்கள். கோயில் தன் முற்றத்தை இதற்குத் திறந்துவிட்டதை, கடந்த நூற்றாண்டில் இந்த ஊரில் நடந்த பெரிய சமயச் செயல்களில் ஒன்றாகவே கருத வேண்டும். கும்பாபிஷேகத்துக்குக் கல்வெட்டு வைக்கிறோம், இதற்கு வைக்கவில்லை.

2002-இல் மத்தியத் தொல்லியல் துறை இந்தக் கோயிலைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தபோது ஊர் கொதித்தது. போராட்டம் உச்ச நீதிமன்றம் வரை போய், கோயில் மீண்டும் இந்து சமய அறநிலையத் துறையிடம் வந்தது. வழிபாட்டு முறையில் தலையீடு வருமோ, சுற்றுத் தெருக்களில் கட்டடத்துக்குத் தடை வருமோ என்பவை பெரிய பயங்கள். பேசப்படாத இன்னொரு வேறுபாடும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் தொல்லியல் துறை வளர்ப்பது புல்வெளி. கண்ணுக்கு அழகு, கல்லுக்குப் பாதுகாப்பு. ஆனால் அதில் ஒரு வில்வக் கன்று தானாக முளைத்தால் அது களை. நினைவுச்சின்னத்தின் முற்றத்தில் செடி அலங்காரம். வழிபாட்டின் முற்றத்தில் செடியும் ஒரு அடியார்.

புல்வெளியின் ஆட்சி வேறு நாட்டில் எவ்வளவு கடுமையாகும் என்பதற்கு அமெரிக்காவின் மியாமி ஷோர்ஸ் உதாரணம். பின்பக்கம் வெயில் விழாததால் ஒரு தம்பதி 17 ஆண்டுகளாக முன்வாசலில் கீரையும் காய்கறியும் வளர்த்துவந்தார்கள். 2013-இல் ஊர் நிர்வாகம், முன்வாசலில் காய்கறி கூடாது என்று சட்டம் போட்டு, தினம் 50 டாலர் அபராதம் என்றது. நீதிமன்றங்களில் தம்பதி தோற்றார்கள். கடைசியில் ஃபுளோரிடா மாநிலமே 2019-இல் சட்டம் இயற்றி, உள்ளாட்சிகள் அப்படித் தடுக்கக் கூடாது என்று அறிவித்தது. அங்கே மண் அவர்களுடையது. தடை அழகின் பேரில் வந்தது. நம் தெருவில் அழகுக்குச் சட்டமில்லை, மண்தான் நம்முடையதில்லை. அதனால் அந்த வழக்கின் தீர்ப்பு நமக்கு உதவாது.

உதவக்கூடியது நம் வருவாய்த் துறையின் பழைய பதிவேட்டில் இருக்கிறது. அதன் பெயர் 2சி பட்டா. புறம்போக்கில் நிற்கும் புளி, பனை, மா போன்ற மரங்களின் பலனை ஒருவர் அனுபவிக்க, வரி வாங்கிக்கொண்டு அரசு கொடுக்கும் உரிமை அது. மரம் அவருக்கு, நிலம் அரசுக்கு. மரத்தைக் காட்டி நிலத்தைக் கேட்க முடியாது. நந்தவனக் கல்வெட்டின் தருமமும் இதுவேதான். வளர்ப்பவர் வேறு, உடையவர் வேறு என்பதைக் கோயிலும் ஏற்றுக்கொண்டது, அரசும் ஏற்றுக்கொண்டது. தெருவோரம் செடி வைக்கிறவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இங்கே தெளிவாகிறது. விதியை மீறினாயா என்பதைவிட, வேலி போட்டாயா என்பதே முக்கியம்.

தமிழ்நாட்டுத் தெருக்களில் வேலியின் வரலாறு எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு வேப்பங்கன்று. ஆடு கடிக்காமல் அதற்குக் கம்பிக்கூண்டு. கன்று மரமானதும் அடியில் ஒரு கல், கல்லுக்கு மஞ்சள், பிறகு சூலம், பிறகு மேடை, தகரக் கூரை, உண்டியல். பாதசாரி தார்ச்சாலையில் இறங்கி நடக்கிறார். மரத்தை வெட்ட வருகிறவன் கையைச் சாமி தடுக்கட்டும் என்று கல் வைத்தவர் நினைத்திருக்கலாம். பல ஊர்களில் மரம் பிழைத்ததும் அப்படித்தான். ஆனாலும் பொது இடங்களில் புதிதாக வழிபாட்டிடம் எழுப்பக் கூடாது என்று 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. சிவன் சொத்து குலநாசம் என்ற சொல்லின் கூர்மை இங்கே திரும்பி வருகிறது. ஊர் நடக்கும் மண்ணைச் சாமியின் பேரால் வளைத்தாலும் அது வளைப்புதான்.

எனவே இந்த ஊரில் தெருவோர மண்ணில் தோட்டம் போடுகிறவருக்கு மரபு அனுமதி தருகிறது என்றே சொல்ல வேண்டும். நிபந்தனை ஒன்று: பலனில் பங்கு கேட்கலாம், மண்ணில் கேட்கக் கூடாது. காலையில் வேறு யாரோ வந்து செம்பருத்தியைப் பறித்துப் போனால் கோபப்பட அவருக்கு உரிமையில்லை. வடிகால் தோண்ட வேண்டி வந்தால் செடியை எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும். பக்கத்து வாசலில் விழுந்த இலையை அவரே பெருக்க வேண்டும். இது கஷ்டமான நிபந்தனை. உழவாரம் பிடித்த கைக்கு இது புதிதல்ல. நகரத்தின் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. 2016 வாக்கில் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்களை வெட்டத் தொடங்கியபோது, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. நடப்பவருக்குப் பாதை வேண்டும் என்று மரத்தை வெட்டுகிறார்கள். நடப்பவர் வெயிலில் ஒதுங்குவதும் அந்த மரத்தடியில்தான். தன் செடியைப் பிடுங்கினால் பொறுத்துக்கொள் என்று ஒரு குடும்பத்திடம் கேட்கிற நிர்வாகம், தானும் மரத்தைப் பிடுங்கும்முன் அவ்வளவு யோசித்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் தீராத ஒரு இடம் இருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து, வ.உ.சி. நகரில் வீடு ஒன்றின்மேல் பாறையும் மண்ணும் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதன்பின் மலையடிவாரத்து வீடுகள் இருக்கலாமா என்ற கேள்வி நீதிமன்றத்தில் நிற்கிறது. மலை லிங்கம் என்றால் அதன் மேல் வீடு கட்டியது தவறு என்று சொல்வது எளிது. அந்த வீடுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஊருக்குள் மனை வாங்க முடியாதவர்கள். அவர்களும் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, உடைந்த வாளியில் துளசி வைத்திருப்பவர்கள். வேலி போடாதே என்ற தருமத்தை அவர்களிடம் சொல்லுமுன், வேலிக்குள் ஏக்கர் கணக்கில் மனைப்பிரிவு போட்டவர்களிடம் சொல்லியாக வேண்டும்.

உயிருக்காக அவர்களை வேறிடம் மாற்றத்தான் வேண்டும். மாற்றினால் பெரும்பாலும் அடுக்குமாடிக் குடியிருப்பாக இருக்கும். அங்கே வாசல் என்பது பொது நடைவழி. சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்ககங்களில் இந்தச் சிக்கலைத் தமிழர்கள் ஏற்கெனவே அறிவார்கள். தீ விபத்தில் ஓட வழி வேண்டும் என்பதால் நடைவழியில் 1.2 மீட்டர் அகலம் விட்டே தொட்டி வைக்க முடியும். அது நியாயமான விதி, அதற்குள் துளசியும் வளர்கிறது. திருவண்ணாமலையில் புதுக் குடியிருப்பு எழும்போது வரைபடத்திலேயே நடைவழிக்கு அகலம் கூட்டி, ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் தொட்டிக்கு இடம் குறிக்கலாம். கீழே, வண்டி நிறுத்தத்துக்கு ஒதுக்கும் தரையில் ஒரு பகுதியைச் சிமெண்ட் பூசாமல் விட்டு, ஒரு மகிழமும் ஒரு வில்வமும் நட்டு, தண்ணீருக்குக் குழாய் இழுத்து, பராமரிக்கும் பொறுப்பை அங்கு குடியேறும் பெண்களிடம் சம்பளத்தோடு கொடுக்கலாம். சோழர் காலத்தில் நந்தவனக்காரருக்கு நெல் அளந்ததைப் போல.